எனக்குப் பிறகு மகனைப் பார்த்துக்கொள்ள, இல்லத்துக்கு வீட்டை எழுதித் தரலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 69. மனைவி காலமாகிவிட்டார். மகனுக்கு 35 வயது. அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று சான்றிதழ் இருக்கிறது. தானே சாப்பிடுவான். குளிக்கவும் மாத்திரை போடவும் பக்கத்தில் ஆள் வேண்டும். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். என் வீட்டைத் தானப் பத்திரமாக எழுதித் தந்தால் ஆயுள் முழுக்க அவனை வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஓர் இல்லத்தார் சொல்கிறார்கள். எழுதித் தரலாமா?

பதில்: ஐயா, எழுதித் தராதீர்கள். பத்திரம் பதிவானதும் வீடு அவர்களுடையது. கவனிப்பு சரியில்லை என்று மகனை வேறு இடத்துக்கு மாற்ற நினைத்தால் கையில் எதுவும் இருக்காது. முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் பத்திரத்தை ரத்து செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். 2007ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 23ஆம் பிரிவு, எழுதித் தந்த முதியவருடைய தேவைகளைப் பற்றித்தான் பேசுகிறது. உங்கள் மகனின் பராமரிப்புக்கு அதை நம்பி இருக்க முடியாது. நீங்கள் இல்லாத காலத்தில் அதைக் கேட்கவும் ஆள் இருக்காது.

இல்லம் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மகனுக்கு 18 வயது முடிந்ததும் நீங்கள் இயற்கைப் பாதுகாவலர் என்ற நிலை சட்டப்படி முடிந்துவிட்டது. பல பெற்றோருக்கு இது வங்கியிலோ பதிவு அலுவலகத்திலோ திருப்பி அனுப்பப்படும்போதுதான் தெரியவருகிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 14ஆம் பிரிவின்படி, மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்து, நீங்களே பாதுகாவலராக நியமனம் பெறுங்கள். இதற்கு நீதிமன்றம் போக வேண்டியதில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே இந்தச் சட்டம். மனச்சிதைவு போன்ற மனநோய்க்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தனி.

உங்களுக்குப் பிறகு யார் என்பதை உயிலில் விருப்பமாக எழுதி வைக்கலாம். ஆனால் உயில் மட்டுமே ஒருவரைப் பாதுகாவலராக்காது, குழுதான் நியமிக்கும். அதனால் அந்த நபரிடம் இப்போதே பேசுங்கள். பாதுகாவலர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மகள் அங்கே குடியுரிமை வாங்கியிருந்தால் வேறு ஒருவரைத் தேட வேண்டும். நியமனமானவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கும் கொடுக்க வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ பணத்தைக் கையாடினாலோ 17ஆம் பிரிவில் அவரை நீக்கலாம். இந்தக் கண்காணிப்பு தானப் பத்திரத்தில் கிடையாது.

வீட்டையும் சேமிப்பையும் மகன் நலனுக்கான தனியார் அறக்கட்டளையில் வையுங்கள். அசையாச் சொத்து இருப்பதால், பதிவு செய்த பத்திரம் மூலமாகவோ உயில் மூலமாகவோதான் அதை அமைக்க முடியும். மகள் ஒரு அறங்காவலர், உள்ளூரில் நம்பிக்கையான ஒருவர் இன்னொருவர். இல்லத்துக்கு மாதக் கட்டணம் அதிலிருந்து போகட்டும். கவனிப்பு மோசமானால் பணத்தோடு மகனையும் வேறு இடத்துக்கு மாற்றலாம். இல்லத்தாரே பாதுகாவலராகவோ அறங்காவலராகவோ இருப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

பென்ஷன் அலுவலகத்துக்கும் ஒரு முறை போய் வாருங்கள். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மகன் பெயரை உங்கள் காலத்திலேயே பதிவு செய்யுங்கள்.

இனி இல்லம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 50ஆம் பிரிவின்படி பதிவுச் சான்று இல்லாமல் இத்தகைய இல்லம் நடத்தக் கூடாது. மூலச் சான்றையே கேளுங்கள், காலாவதி தேதியைப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட வழியின்றி இறந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்: படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா, வெளிப்பக்கமா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், மாத்திரை கொடுத்ததை யார் எழுதி வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். முன்னறிவிப்பின்றி வரலாம் என்று எழுதித் தர மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் ‘சமர்த்-கரோண்டா’ என்ற தங்குமிடத் திட்டத்தில் அருகில் இல்லம் நடத்துகிறார்களா என்றும் விசாரியுங்கள். முதலில் சில நாள் மட்டும் தங்க வையுங்கள். எந்த இடத்தில் வாழ்வது என்று அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 2016 சட்டத்தின் 5ஆம் பிரிவு. வார்த்தையில் சொல்ல வராவிட்டாலும், திரும்பி வந்த பிறகு அவன் சாப்பிடுவதிலும் தூங்குவதிலும் தெரிந்துவிடும். நீங்கள் உடலோடு நடமாடும்போதே இதைச் செய்தால், பிடிக்காத இடத்திலிருந்து அழைத்துவர நீங்களே இருப்பீர்கள். பாதுகாவலர் நியமன மனுவுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவச் சான்று, ஆதார், மனைவியின் இறப்புச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள்.