‘கிராண்ட் இருக்கா பாருங்க’ என்கிறார் டீன். எங்கே பார்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஒன்பது வருடமாக எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். செமஸ்டருக்கு ஐந்து வகுப்பு. லேபில் இருக்கும் ஆசிலோஸ்கோப்களில் (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) பாதி நான் சேருவதற்கு முன்பே வாங்கியவை. புதிதாகக் கேட்டால், “ஏதாவது கிராண்ட் இருக்கா பாருங்க” என்கிறார் டீன். எங்கள் காலேஜில் கிராண்டுக்கென்று, அதாவது வெளியிலிருந்து மானிய நிதி வாங்குவதற்கென்று, தனி ஆபீஸ் கிடையாது. இதெல்லாம் பெரிய யுனிவர்சிட்டி ஆட்களுக்குத்தானே? மாணவர் ஆலோசகராக இருக்கும் என் தோழியும் இதையே கேட்கிறாள். பாடம் நடத்தாத ஊழியர்களுக்கு ஏதாவது உண்டா?
– பெயர் வேண்டாம், ஓஹையோ

பதில்: நானும் உங்களுடையது போன்ற இரண்டாண்டு காலேஜில் காலம் தள்ளியவன்தான். உங்கள் டீன் சொன்னதை வேறு வேறு டீன்கள் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன். ‘பணம் இல்லை’ என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது. ஆனால் அதை நிஜமான யோசனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறைக்கு வழி இருக்கிறது.

நீங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு வாஷிங்டனில் இல்லை, உங்கள் காலேஜுக்குள்ளேயே இருக்கிறது. பெர்கின்ஸ் நிதி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழில்நுட்பக் கல்விக்காக மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுத்து, மாநிலம் பள்ளிகளுக்கும் காலேஜ்களுக்கும் பிரித்துத் தரும் பணம் அது. இப்போது நடப்பில் உள்ள சட்டம் 2018ல் வந்தது. இதற்கு நாடு முழுவதும் போட்டி போட வேண்டியதில்லை, ஃபார்முலாப்படி வந்துசேரும். எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் படிப்பு அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும் துறை.

அப்படியானால் உங்கள் லேபுக்கு ஏன் வரவில்லை? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெர்கின்ஸ் பணம் பெறும் ஒவ்வொரு காலேஜும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உள்ளூர்த் தேவை மதிப்பீடு ஒன்றைச் செய்ய வேண்டும். எந்தப் படிப்புக்கு வேலைவாய்ப்பு இருக்கிறது, எந்த லேப் பின்தங்கியிருக்கிறது என்றெல்லாம் அதில் பதிவாகும். பணத்தை அந்த மதிப்பீட்டில் சொன்ன தேவைகளுக்குத்தான் செலவழிக்கலாம். உங்கள் ஆசிலோஸ்கோப் அதில் ஒரு வரியாவது இடம்பெறாவிட்டால், நீங்கள் எவ்வளவு அழகாகக் கேட்டாலும் நிதி அதிகாரியால் கொடுக்க முடியாது. அடுத்த மதிப்பீடு எப்போது, யார் எழுதுகிறார்கள் என்று இந்த வாரமே விசாரியுங்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார இடம் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை; அங்கே தானாக வந்து உட்கார ஆள் கிடைப்பதே அபூர்வம். இன்னொன்று: காலேஜ் தன் சொந்தப் பணத்தில் செய்துகொண்டிருந்த செலவை இந்தப் பக்கம் தள்ளிவிட முடியாது. அது விதி. டீனுக்கு அந்த யோசனை வந்தால் மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.

அப்புறம் பெரிய மீன். யுனிவர்சிட்டிக்காரர்களுக்குத்தானே என்று கேட்டீர்கள். தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப்.பில் ஏ.டி.இ. (அட்வான்ஸ்டு டெக்னலாஜிக்கல் எஜுகேஷன்) என்றொரு திட்டம் இருக்கிறது. 1992ல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு, டெக்னீஷியன் கல்விக்காகவே உருவாக்கச் சொன்னது. இதில் யுனிவர்சிட்டிகளும் சேரலாம், ஆனால் தலைமைப் பொறுப்பில் இரண்டாண்டு காலேஜ் இருந்தாக வேண்டும். அதோடு, இதுவரை இதில் பணம் வாங்காத காலேஜ்களுக்கென்று தனிப் பிரிவும் வைத்திருக்கிறார்கள். அங்கே நீங்கள் மோதப்போவது பெரிய பெயர்களோடு அல்ல, உங்களைப் போன்றவர்களோடு.

முதல்முறை எழுதுபவர்களைக் கைபிடித்து அழைத்துப்போக மென்டர்-கனெக்ட் என்ற திட்டமும் உண்டு. அதற்கும் பணம் தருவது என்.எஸ்.எஃப்.தான். தென் கரோலினாவில் ஒரு டெக்னிக்கல் காலேஜிலிருந்து தொடங்கியது. ஏற்கெனவே ஏ.டி.இ. வாங்கிய ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடுவார்கள். கிராண்ட் ஆபீஸ் இல்லாத காலேஜுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடைக்காது.

ஆனால் ‘இருபது ஆசிலோஸ்கோப் வேண்டும்’ என்று ஏ.டி.இ.க்கு எழுதாதீர்கள். உபகரணப் பட்டியல் அங்கே எடுபடாது. எந்தக் கம்பெனிகளுக்கு எந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, உங்கள் பாடத்தில் எது மாறினால் மாணவர்கள் அந்த வேலைக்குத் தயாராவார்கள் என்று கதை அங்கிருந்து தொடங்க வேண்டும். ஆசிலோஸ்கோப் கதையின் நடுவில் வரட்டும். இதையெல்லாம் 15 பக்கத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். எழுத உட்காருவதற்கு முன் என்.எஸ்.எஃப். தளத்தில் வெற்றிபெற்ற விண்ணப்பங்களின் சுருக்கங்களைத் தேடிப் படியுங்கள். யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று எல்லாமே பொதுவில் இருக்கிறது. திட்ட அதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பிப் பேச நேரம் கேளுங்கள். அது சிபாரிசுக்குப் போவது மாதிரி என்று நம் ஆட்கள் கூச்சப்படுவார்கள். அங்கே அதை எதிர்பார்க்கவே செய்கிறார்கள்.

என் கதை ஒன்று. பல வருடம் முன்பு, அப்போது நான் இருந்த காலேஜில் ஒரு சின்ன கிராண்ட் வாங்கி, பன்னிரண்டு பவர் சப்ளை வரவழைத்தேன். ஆகஸ்டில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பிரித்து மேசையில் வைத்த பிறகுதான் கவனித்தேன்: இரண்டு மேசைக்கு ஒரு பிளக் பாயின்ட். புதிதாக வயரிங் இழுக்கக் கட்டடப் பராமரிப்புக்காரர்களிடம் போனால், “உங்க கிராண்ட்ல அதுக்குக் காசு போட்டீங்களா?” என்றார்கள். போடவில்லை. திருப்பிப் பெட்டிக்குள் வைத்து, லேபின் பின்சுவர் ஓரமாக அடுக்கினோம். அந்த செமஸ்டர் முழுக்க மாணவர்கள் அதன்மேல் பையையும் ஜாக்கெட்டையும் வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்த விண்ணப்பத்துக்கும் முதல் வரி எழுதும் முன் அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய்விடுவேன்.

பிளக் பாயின்ட்டைவிடப் பெரிய பிரச்சினை உங்கள் நேரம். செமஸ்டருக்கு ஐந்து வகுப்பு எடுப்பவர் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கிராண்ட் வேலை பார்க்க முடியும், அது ரொம்ப நாள் தாங்காது. கிராண்டிலிருந்தே ஒரு வகுப்பை விடுவித்துக்கொள்ளலாம். உங்கள் சம்பளத்தில் அந்தப் பங்கை கிராண்ட் ஏற்கும், காலேஜ் மாற்று ஆள் போடும். கோடை விடுமுறையில் வேலை பார்த்தால் அதற்கும் சம்பளம் உண்டு. என்.எஸ்.எஃப்.பில் பொதுவாக வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் வரைதான் என்பது நினைவிருக்கட்டும். எதுவானாலும் விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே டீனிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். டீன்கள் மாறுவார்கள்.

டீனைச் சம்மதிக்க வைக்க இரண்டு விஷயம் கையில் இருக்கட்டும். ஏ.டி.இ. போன்ற மத்திய கிராண்டில் நிர்வாகச் செலவு என்று காலேஜுக்கும் ஒரு பங்கு வரும். அரசோடு தனியாகப் பேசி விகிதம் முடிவு செய்யாத காலேஜ்கள் 2024 அக்டோபரிலிருந்து 15 சதவீதம் வரை கேட்கலாம். அதற்கு முன் 10 தான். கணக்கில் விலை உயர்ந்த கருவிகளும் பங்கேற்பாளர் உதவித்தொகையும் சேராது, அதனால் மொத்தத் தொகைக்கும் 15 சதவீதம் போட்டு டீனிடம் ஆசை காட்டிவிடாதீர்கள். இரண்டாவது, ஏ.டி.இ.யில் காலேஜ் தன் பங்காகப் பணம் போடத் தேவையில்லை. போடுகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதவும் கூடாது.

முதல்முறை கிடைக்காமல் போகலாம். மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் முழுசாக உங்களுக்கு வரும். இரண்டு நாள் கோபப்பட்டுவிட்டு, பிறகு எடுத்துப் படியுங்கள். அடுத்த விண்ணப்பம் பாதி அதிலேயே இருக்கும். இன்னும் புத்திசாலித்தனம், விண்ணப்பிக்கும் முன்பே மதிப்பீட்டாளராகப் பெயர் கொடுப்பது. அடுத்தவர் எழுதியதைக் குறை சொல்லி உட்கார்ந்திருந்தால், நம் எழுத்தின் ஓட்டை தானாகத் தெரிய வரும்.

உங்கள் தோழிக்கு வருகிறேன். மாணவர் சேவைப் பக்கம் டிரையோ என்ற திட்டங்களின் குடும்பமே இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வந்தவர்கள், வசதி குறைந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு ஆலோசனையும் டியூஷனும் தர ஐந்தாண்டுக்கு வரும் கிராண்ட். கைக்குழந்தையோடு படிக்க வருபவர்களின் குழந்தைப் பராமரிப்புக்கும் மத்திய அரசின் தனித் திட்டம் உண்டு. இவற்றை எழுதுவதில் பேராசிரியரைவிட ஆலோசகருக்குத்தான் கை ஓங்கியிருக்கும். எந்த மாணவி எந்த வாரம் எதனால் நின்றுபோனாள் என்று அவருக்குத்தான் தெரியும். சொந்த அனுபவத்துக்காக என்றால், சர்வதேசக் கல்வி நிர்வாகிகளுக்கென்று ஃபுல்பிரைட்டில் குறுகிய கால வெளிநாட்டுப் பயணங்கள் உண்டு. அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. ஏ.டி.இ.யில் அந்தச் சிக்கல் இல்லை, அங்கே விண்ணப்பிப்பது காலேஜ்தான்.

ஒரு எச்சரிக்கை. 2025ல் மத்திய கிராண்டுகள் பலவும் பாதியில் ரத்தாயின, சிறுபான்மை மாணவர்கள் அதிகமுள்ள காலேஜ்களுக்கான சில நிதிகள் நிறுத்தப்பட்டன. அதனால் நான் சொன்னது உட்பட எதையும் பழைய தகவலை வைத்து நம்பாதீர்கள். அந்த வருட அறிவிப்பைத் திறந்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: நிதிப் பிரிவுக்கு ஒரு வரி மெயில் போடுங்கள். “நம் காலேஜின் சாம்.கவ் பதிவு எந்தத் தேதி வரை செல்லும்?” மத்திய அரசிடம் கிராண்ட் கேட்கும் காலேஜ் பதிந்திருக்க வேண்டிய அரசு இணையதளம் அது. அந்தப் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். காலாவதியானது தெரியாமல் கடைசி நாளில் முழி பிதுங்கிய காலேஜ் ஒன்றை எனக்குத் தெரியும். பதில் வரத் தாமதமானால் நேரில் போய் நில்லுங்கள்.