வேண்டாம் என்றவரை விடுங்கள்: மார்பு மீளமைப்பு, கேள்வி பதில்

மனைவிக்கு ஒரு மார்பை எடுக்கப் போகிறார்கள். சிலிக்கன் பையோ வயிற்றுச் சதையோ வைத்து மார்பைத் திரும்ப உருவாக்கும் மீளமைப்பு வேண்டாமாம். கனடாவில் இருக்கும் மச்சான் காசு தருகிறார், கொழும்பில் செய்யலாம் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? (புதுக்குடியிருப்பு)

சம்மதிக்க வைக்காதீர்கள். மச்சான் சொன்னதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. மீளமைப்பு புற்றுநோய்க்கான மருந்தல்ல. சிலிக்கன் ஆயுளுக்கும் நிற்காது, 10, 15 வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம். வயிற்றுச் சதையை எடுத்துச் செய்தால் ஒப்பரேஷன் 6, 8 மணித்தியாலம் போகும். எப்படிச் செய்தாலும் பழைய தொடுவுணர்வு முழுதாகத் திரும்பாது. இதெல்லாம் தெரிந்தும் வேண்டும் என்கிற பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல், அதையும் யாரும் ஆடம்பரம் என்று தட்டிவிடக் கூடாது. மச்சானின் காசு கிளினிக் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் உதவும்.

சிலிக்கன் வைத்தால் புற்றுநோய் திரும்புமா?

மார்பகப் புற்றுநோய் திரும்புவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை உண்டா என்று முதலில் கேளுங்கள், கதிர் பட்டால் சிலிக்கனைச் சுற்றி இறுகி வலிக்கலாம்.

றிப்போர்ட் அனுப்பியிருக்கிறேன், எது நல்லது?

அரைப்பக்கப் படம், அதுவும் மங்கல். வயது, சலரோகம், கதிர்வீச்சு எதுவும் எழுதவில்லை. இதை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது.

மார்பை எடுத்தபோது, மீளமைப்பு வேண்டாம், தட்டையாகத் தைக்கச் சொன்னேன். இப்போது தோல் தொங்குகிறது, கமக்கட்டுப் பக்கம் மடிப்பு. கேட்டால், "பிறகு மனம் மாறினால் உதவும்" என்கிறார்கள். (வவுனியா)

இதைப் படித்து மனம் கொதித்தது. உடம்பு கொஞ்சம் பருத்தவர்களுக்குக் கமக்கட்டு ஓரத்தில் மடிப்பு விழுவதுண்டு, அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன ஒருவரின் நெஞ்சில், மனம் மாறும் என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டு தோலை மிச்சம் விடுவது வேறு. வியர்வையில் அந்த மடிப்பு புண்ணாகும், வயலில் குனிந்து நிமிரும் பெண்ணுக்கு நாள் முழுக்க உரசும். தட்டையாக, ஒழுங்காகத் தைப்பது அரைகுறை வேலையல்ல. அதற்கென்று தனிப் பெயரே உண்டு, 2020இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அதைத் தன் மருத்துவ அகராதியில் சேர்த்தது. மனம் மாறினால்? அப்போது மீளமைப்பைப் பிறகும் செய்யலாம், கொஞ்சம் கடினமாகலாம், ஆனால் அந்தக் கடினத்தை ஏற்பதா இல்லையா என்று தீர்மானிப்பதும் அவர்தான். வீக்கம் வற்ற சில மாதம் விடுங்கள், அப்புறம் சிறிய திருத்த ஒப்பரேஷன் கேளுங்கள். ஒப்பரேஷனுக்கு இனிப் போகிறவர்கள் "தட்டையாக வேண்டும், தோல் மிச்சம் வேண்டாம்" என்று சம்மதப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஒப்பரேஷனுக்கு முன் டொக்டர் நெஞ்சில் கோடு போடும்போது எழுந்து நின்று, எங்கே வெட்டுவீர்கள், எங்கே தைப்பீர்கள் என்று கேளுங்கள்.

மகளுக்கு 34, கலியாணம் ஆகவில்லை. இப்போதே செய்யாவிட்டால் வாய்ப்புப் போய்விடுமா? (மாங்குளம்)

போகாது. வருடங்கள் கழித்தும் செய்யலாம். அடுத்த கடிதத்தை மகள் எழுதட்டும்.

வயிற்றில் செல் (எறிகணை) துண்டு எடுத்த பழைய தழும்பு இருக்கிறது. வயிற்றுச் சதை எடுக்கலாமா? (முல்லைத்தீவு)

இரத்தக் குழாய் எங்கே அறுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஸ்கான் பார்த்துத்தான் சொல்வார்கள். தழும்பை டொக்டரிடம் மறைக்காதீர்கள். கதிர்வீச்சு உண்டா என்றும் கேளுங்கள்.

மீளமைப்பு செய்யவில்லை. சட்டைக்குள், மார்பு இருந்த இடத்தில் வைக்கத் துணி போதுமா?

ஆரம்பத்தில் மெல்லிய பருத்தியே நல்லது. பாரமான சிலிக்கன் வடிவத்தைத் தையல் ஆறிய பிறகு, சுமார் 6 கிழமை கழித்து வையுங்கள். ஒன்றுமே வைக்காமல் சட்டை போடுவதும் சரிதான்.