சிறிய சபை பெரிய திருச்சபையோடு இணைவது: தீர்மானத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்களுடையது தென்மாவட்டத்தில் ஒன்பது சபைகள் கொண்ட தனித்த புராட்டஸ்டண்ட் அமைப்பு. சங்கமாகப் பதிவு செய்திருக்கிறோம். ஸ்தாபகப் போதகர் காலமான பிறகு ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே சிரமமாக இருக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற பெரிய திருச்சபையோடு இணைந்துவிடலாம் என்று கமிட்டியில் பலர் சொல்கிறார்கள். நாங்கள் விசுவாசித்தவர்களுக்கு முழுக்கு ஞானஸ்நானம் மட்டுமே கொடுப்பவர்கள். ஆலய நிலங்கள், ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்க வேண்டும்? (சபைச் செயலாளர் ஒருவர்)

பதில்: பேச்சுவார்த்தை நடக்கட்டும். இணைப்புத் தீர்மானத்தை மட்டும் இப்போதைக்குப் பொதுக்குழுவில் வைக்காதீர்கள். முதலில் பீரோவைத் திறந்து மூன்று கோப்புகளை வெளியே எடுங்கள்: சங்கத்தின் துணைவிதிகள், உறுப்பினர் பதிவேடு, சொத்துப் பத்திரங்கள். பேசிப் பேசி உபதேசத்தில் உடன்பாடு கண்ட சபைகள்கூட இந்தக் கோப்புகளில் வந்து முட்டி நின்றிருக்கின்றன.

குஜராத்தில் நடந்ததைப் பாருங்கள். 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் ஆறு திருச்சபைகள் சேர்ந்து வட இந்தியத் திருச்சபை உருவானது. அவற்றில் ஒன்று பிரதரன் சபை. அதன் குஜராத் மாவட்ட அமைப்பு இணைப்புக்குத் தீர்மானம் போட்டது. ஒரு பகுதியினர் அதை ஏற்கவில்லை. சொத்து யாருக்கு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-ல்தான் தீர்ப்பானது. சங்கத்தைச் சட்டப்படி கலைக்காமலும், அறக்கட்டளைச் சட்டம் சொல்லும் வழியில் சொத்தை மாற்றாமலும், இணைப்புத் தீர்மானத்தை மட்டும் வைத்துச் சொத்து புதிய திருச்சபைக்குப் போய்விடாது என்று நீதிமன்றம் சொன்னது. இடையில் ஓடியவை 43 ஆண்டுகள். வாக்களித்தவர்களில் பலர் அந்தத் தீர்ப்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

வாக்களிக்கும் உரிமை யாருக்கு?

ஞாயிறு ஆராதனைக்கு அறுநூறு பேர் வரலாம். சட்டத்தின் கண்ணில் சங்கத்தின் உறுப்பினர் என்பவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டும்தான். பல தனித்த சபைகளில் அந்தப் பதிவேட்டில் பதினைந்து இருபது பெயர்களே இருக்கும். அவற்றிலும் பாதிப் பேர் இறந்திருப்பார்கள். முழுச் சபையும் கைதூக்கி ஆதரித்தாலும் பதிவாளர் அலுவலகத்தில் அது செல்லாது. துணைவிதிகள் அனுமதிக்கும் வழியில் சேர்க்க வேண்டியவர்களைச் சேர்த்து, சந்தா ரசீது போட்டு, இறந்தவர்கள் பெயரை நீக்கி, பட்டியலைப் பொதுக்குழுவில் ஏற்கச் செய்யுங்கள். வாக்கெடுப்புக்கு முந்தின மாதம் அவசரமாக நூறு பேரைச் சேர்த்தால் எதிர்த்தரப்புக்கு வழக்குப் போட நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும். குறைந்தது ஓராண்டு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

நிர்வாகிகள் மாறியதற்கான ஏழாம் எண் படிவத்தைக் கடைசியாக எப்போது தாக்கல் செய்தீர்கள் என்றும் பாருங்கள். அது விட்டுப்போயிருந்தால் இன்றைய தலைவரும் செயலாளரும் பத்திரத்தில் கையெழுத்திடும் அதிகாரமே கேள்விக்குள்ளாகும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி இப்படிப்பட்ட முடிவுக்குச் சிறப்புத் தீர்மானம் தேவை: 21 நாள் முன்னறிவிப்பு, வந்து வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. அறிவிப்பில் தீர்மானத்தின் முழு வாசகமும் இருக்க வேண்டும். ‘இணைப்பு குறித்துப் பேசுதல்’ என்று ஒரு வரி போட்டு அனுப்பியது பிற்பாடு நீதிமன்றத்தில் நிற்காது.

சொத்து எப்படிப் போகும்?

பதிவு பெற்ற சங்கம் இன்னொரு சங்கத்தோடுதான் சட்டப்படி ஒன்றாக முடியும். சி.எஸ்.ஐ.யின் சொத்துகளோ, 1947-ல் நிறுவனச் சட்டப்படி பதிவான தென்னிந்தியத் திருச்சபை அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் இருக்கின்றன. பெயரில் சங்கம் என்று இருந்தாலும் அது ஒரு நிறுவனம். ஆகவே உங்களுக்கு இருப்பது ஒரே வழி: நிலங்களைப் பதிவுப் பத்திரம் மூலம் மாற்றிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு சங்கத்தைக் கலைப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. சங்கத்தைக் கலைத்த பிறகு அதன் பெயரில் பத்திரத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

ஒன்பது சபைகளுக்கும் தனித்தனியாகத் தாய்ப்பத்திரம், பட்டா, குறைந்தது முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்து ஓர் அட்டவணை போடுங்கள். பெரும்பாலும் நான்கு வகைச் சிக்கல் வெளிவரும். ஸ்தாபகரின் சொந்தப் பெயரில் வாங்கிய நிலத்துக்கு அவருடைய வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். இணைப்புப் பேச்சு வெளியே தெரியும் முன்பே அவர்களிடம் பேசிவிடுவது நல்லது. அரசு நிபந்தனையோடு ஒதுக்கிக் கொடுத்த ஒப்படை நிலத்தைக் கைமாற்ற நிபந்தனை இருக்கும். வெளிநாட்டு மிஷன் பெயரிலேயே நின்றுபோன நிலம் இருக்கலாம். அறக்கட்டளைப் பத்திரத்தின் கீழ் வரும் நிலத்தைக் கொடுக்க அந்தப் பத்திரம் அதிகாரம் தராவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு வெளியே கொடுக்கும் தானப் பத்திரத்துக்கு 2023 மாற்றத்துக்குப் பிறகு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆலய நிலத்தின் மதிப்பு ஒரு கோடி என்றால் 9 லட்சம். ஒன்பது ஆலயங்களுக்கும் கூட்டினால் எந்தச் சிறிய சபைக்கும் மூச்சு முட்டும். இந்தப் பணத்தை யார் கொடுப்பது என்பது உடன்படிக்கையின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். பதிவுக்கு முன் அன்றைய விகிதத்தைச் சரிபாருங்கள்.

இரண்டு சட்டப் பொறிகள் இருக்கின்றன. வருமான வரியில் பதிவு பெற்ற அறநிலையம், அதே நோக்கமும் பதிவும் இல்லாத அமைப்போடு இணைந்தாலோ, கலைந்த பின் 12 மாதத்துக்குள் சொத்தைப் பதிவு பெற்ற இன்னொரு அறநிலையத்துக்கு மாற்றாவிட்டாலோ, சேர்ந்திருக்கும் நிகர சொத்து மதிப்பின் மீதே உச்ச விகிதத்தில் வரி விழும். 2016-லிருந்து இந்த விதி இருக்கிறது. அடுத்தது வெளிநாட்டு நன்கொடை. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கத் தடை. அப்படிப்பட்ட பணத்தில் கட்டிய கட்டடமோ வாங்கிய வண்டியோ இருந்தால் பட்டியலிட்டுத் தணிக்கையாளரிடம் தனியே கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடை அனுமதியைத் திருப்பி ஒப்படைத்துவிட்டால் அந்தச் சொத்துகள் அரசு நியமிக்கும் அதிகாரியிடம் போய்விடும்.

ஞானஸ்நானமும் ஊழியர்களும்

நீங்கள் முழுக்கு கொடுப்பவர்கள். சி.எஸ்.ஐ.யினர் குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பவர்கள். இதைத் ‘தேவன் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடாதீர்கள். வட இந்தியத் திருச்சபையில், விசுவாசித்தவர்களுக்கு மட்டும் முழுக்கு கொடுக்கும் பாப்டிஸ்டுகளும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் ஆங்கிலிக்கரும் (இங்கிலாந்துத் திருச்சபை மரபினர்) ஒன்றாக வந்தபோது இரண்டு முறைகளையும் அமைப்பு விதியிலேயே ஏற்றுக்கொண்டார்கள். மனசாட்சி இடங்கொடாத போதகரைக் குழந்தைக்குக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்துவதில்லை, வேறொருவர் வந்து கொடுப்பார். சி.எஸ்.ஐ.யில் இப்படி ஓர் ஏற்பாட்டை எழுத்தில் கேட்டு வாங்க முடியுமா என்பதைத் திருமண்டல (ஒரு பேராயரின் நிர்வாகப் பகுதி) அளவில் நேரடியாகக் கேளுங்கள். மிகவும் கூர்மையான கேள்வி இதுதான்: குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் உங்கள் ஆலயத்தில் முழுக்கு கேட்டால் என்ன செய்வது? அவர்கள் அதை மறுஞானஸ்நானம் என்று மறுப்பார்கள், உங்கள் மூப்பர்கள் அதையே முதல் ஞானஸ்நானம் என்பார்கள். இதற்கு உடன்பாடு கிடைக்காவிட்டால் இணைய வேண்டாம் என்பதே எங்கள் தீர்மானமான கருத்து. இது ஆண்டுக்கு ஒருமுறையாவது எழும், எழும்போதெல்லாம் ஒரு குடும்பம் காயப்படும்.

ஊழியர்களின் அபிஷேகம் (குருப்பட்டம்) ஏற்கப்படுமா, பேராயர் கையால் மறுபடி பெற வேண்டுமா, இறையியல் பட்டம் கேட்பார்களா, உபதேசியாராக இறக்கப்படுவார்களா என்பதை ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் எழுதி வாங்குங்கள். 1947-ல் சி.எஸ்.ஐ. பிறந்தபோது பேராயர் கைவைக்காத ஊழியர்களை அப்படியே ஏற்றுக்கொண்டு, இரு வகை ஊழியரும் சேர்ந்து பணிசெய்ய முப்பது ஆண்டு இடைக்காலம் வைத்தார்கள். முன்மாதிரி இருக்கிறது, தயங்காமல் கேட்கலாம். பேராயர் அபிஷேகம் இல்லாதவர் திருமணம் நடத்த 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அரசு உரிமம் வேண்டும். ஏற்பு கிடைக்கும்வரை அந்த உரிமத்தைக் கைவிட வேண்டாம்.

பழைய சேவைக் காலத்தின் பாக்கியைக் கணக்கிட்டு ஒப்படைக்கவும் வேண்டும். பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்குமுறை எளிது: கடைசிச் சம்பளம் பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் சேவை ஆண்டுகள். மாதம் 18,000 வாங்கும் பன்னிரண்டு ஆண்டு ஊழியருக்கு ஏறக்குறைய 1,24,615 ரூபாய். சட்டம் கட்டாயப்படுத்தாத போதகர்களுக்கும் இதே அளவுகோலை வைப்பது நியாயம். பள்ளி நிர்வாகம் மாறுவதற்குக் கல்வித்துறையின் முன் அனுமதி வேறு வேண்டும்.

வர மறுப்பவர்கள்

ஒன்பதில் இரண்டு சபைகள் வராது என்றே வைத்துத் திட்டமிடுங்கள். சி.எஸ்.ஐ. இணைப்புப் பேச்சு 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் முடிந்தது. மெதடிஸ்டுகள் 1943-ல், ஆங்கிலிக்கர் 1945-ல், தென்னிந்திய ஐக்கிய சபை 1946-ல் என்று ஒருவர்பின் ஒருவராகத்தான் ஒப்புதல் கொடுத்தார்கள். அப்படியும் ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கரில் ஒரு கூட்டம் நெடுங்காலம் வெளியே நின்றது. பழக்கமில்லாத ஆராதனை முறையையோ ஊழியரையோ எந்தச் சபை மீதும் திணிப்பதில்லை என்ற உறுதிமொழி இல்லாதிருந்தால் இன்னும் பலர் நின்றிருப்பார்கள். அப்படி ஒரு வாசகத்தை நீங்களும் உடன்படிக்கையில் வாங்குங்கள். வராத சபையின் ஆலயமும் நிலமும் அந்தச் சபையார் தொடங்கும் புதிய சங்கத்தின் பெயருக்குப் போகும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே தீர்மானமாக்கிவிடுங்கள். சபைவாரியாக ரகசிய வாக்கெடுப்பு நடத்தி, எண்ணிக்கையை அன்றே நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தீர்மானத்தின் வாசகம் இப்படி இருக்கலாம்: ‘இணைப்பு உடன்படிக்கையை இச்சபை ஏற்கிறது. அட்டவணையிலுள்ள சொத்துகள் ஒவ்வொன்றும் பதிவுப் பத்திரத்தால் மாற்றப்படும்வரை அவை இச்சங்கத்தின் சொத்தாகவே இருக்கும். ஊழியர் அட்டவணையும் ஞானஸ்நான உடன்பாடும் எழுத்தில் கையொப்பமாகும்வரை எந்தப் பத்திரமும் பதிவாகாது.’

சம்பளச் சிரமம் மட்டும்தான் காரணம் என்றால் முழு இணைப்பு தேவையா என்றும் யோசியுங்கள். இந்திய லுத்தரன் திருச்சபைகள் 1926 முதல் கூட்டமைப்பாக இயங்குகின்றன. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அதில் இருந்துகொண்டே அவரவர் சொத்தையும் நிர்வாகத்தையும் வைத்திருக்கின்றன. பக்கத்துச் சேகரத்தோடு (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) மூன்றாண்டு ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டு, இரண்டு சபைக்கு ஓர் ஆயர் என்று பகிர்ந்து, திருவிருந்தில் ஒருவரையொருவர் ஏற்றுப் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை இப்போதே ஸ்கேன் செய்து இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்ற வரைபடத்தையும் மூப்பர்கள் இருக்கும்போதே வரைந்து உடன்படிக்கையோடு இணையுங்கள்.