உம்மாவின் மறதியும் ஊருணிக்கரைப் பிரமியும்

வணக்கம். உம்மாவுக்கு வயது 71. ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்பார்மின் சாப்பிடுகிறார். எங்கள் ஊருணிக் கரையில் படர்ந்திருப்பதைச் சிலர் வல்லாரை என்கிறார்கள், சிலர் பிரமி என்கிறார்கள். பறித்துக் கொடுக்கலாமா, எவ்வளவு?
– நூர்ஜஹான், தொண்டி

அன்புள்ள நூர்ஜஹான்,

முதலில் ரத்தப் பரிசோதனை. மெட்பார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அது மறதியாகவும் கால் மரத்துப்போவதாகவும் தெரியும். தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். பி12 குறைவென்றால் அதற்கு ஊசியோ மாத்திரையோதான் மருந்து, எந்தக் கீரையும் ஈடாகாது. மெட்பார்மினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இனி செடி. வல்லாரை இலை நீண்ட காம்பில், சிறுநீரக வடிவில், விளிம்பில் வெட்டுகளோடு இருக்கும். பிரமி எனப்படும் நீர்ப்பிரமிக்குச் சின்னச் சின்ன தடித்த இலைகள், எதிரெதிராக ஜோடி ஜோடியாக, கிட்டத்தட்ட காம்பே இல்லாமல். பூ வெள்ளை அல்லது வெளிறிய ஊதா, இலை நல்ல கசப்பு. உப்பங்கழி ஓரத்தில் இதே சாயலில் ஒரு கீரை படரும்; இளஞ்சிவப்புப் பூவும் உப்புக் கரிப்பும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எதுவானாலும் ஊருணியில் பறிக்காதீர்கள். தண்ணீரில் ஈயமோ காட்மியமோ இருந்தால் வல்லாரையும் பிரமியும் அதை உறிஞ்சித் திசுவுக்குள் சேர்த்துவைக்கும். எத்தனை முறை அலசினாலும் போகாது. வீட்டிலேயே அகலத் தொட்டியில் வளர்க்கலாம். நம் கடற்கரையின் உவர்நீரில் வல்லாரை இலை விளிம்பு கருகும், பிரமி ஓரளவு தாங்கும். இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய எரு கலந்து, மூன்று நான்கு கணு உள்ள பிரமித் தண்டுகளை ஐப்பசி மழையில் ஊன்றுங்கள். ஈரம் காயக் கூடாது. மூன்று மாதத்தில் அடியில் நான்கு விரற்கடை விட்டு அறுக்கலாம். தண்டில் நீர் அதிகம், குவித்துவைத்தால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் மெல்லியதாகப் பரப்பி, நொறுங்கும் வரை காயவிட்டுப் பொடியுங்கள்.

தொடக்கத்தில் நாளுக்கு 1 கிராம் பிரமிப் பொடி, அரை ஸ்பூன் நெய்யில் குழைத்து, சாப்பாட்டுக்குப் பின். ஒரு வாரம் ஒத்துக்கொண்டால் 2 கிராம், அதற்கு மேல் வேண்டாம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வயிற்றைப் பிசையும், பேதியாகும். நாடித்துடிப்பு குறைவு, ஆஸ்துமா, குடற்புண் இருந்தாலோ, தைராய்டு மாத்திரையோ மறதிக்கு டோனெபெசிலோ எடுத்தாலோ, மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

பலன் சிறியது, மெதுவானது. ஆய்வுகளில் பெரும்பாலும் தினம் 300 மில்லிகிராம் பிரமிச் சாரத்தை 12 வாரம் கொடுத்தார்கள். சிலவற்றில் கேட்டதை நினைவுகூரும் திறன் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். அல்சைமரை நிறுத்தும், முதுமையைத் தள்ளிப்போடும் என்று விற்பவர்களுக்குக் காசைக் கொடுத்து ஏமாற வேண்டாம். நல்ல நீரில் விளைந்த வல்லாரை கிடைத்தால் வாரம் இருமுறை துவையலாக அரைக்கலாம். அதையே மாத்திரையாக வாரக்கணக்கில் விழுங்கியதில் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. உம்மா தெரிந்த தெருவில் வழி தடுமாறினாலோ, அடுப்பை அணைக்க அடிக்கடி மறந்தாலோ, 12 வாரம் காத்திராமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிச்செல்லுங்கள்.