இல்லாத பேரிங்குக்கு 1.6 லட்சம் ரூபாய் வாரண்டி

கேள்வி: கோவையில் ஒருவரிடம் 2014 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் கார் (2.7 லிட்டர் இன்ஜின்) வாங்கப் பேசியிருக்கிறேன். 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இந்தக் காரில் ஒரு பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும் என்று புரோக்கர் வீடியோ காட்டுகிறார். 1.6 லட்சம் ரூபாய் கட்டி இரண்டு வருட நீட்டிப்பு வாரண்டி எடுத்தே தீர வேண்டும் என்கிறார். எடுக்கலாமா? என் மைத்துனரும் 2007 மாடல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்.
- வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: எடுக்காதீர்கள். புரோக்கர் காட்டிய பேரிங் உங்கள் காரில் கிடையாது.

அந்த வீடியோ பொய்யில்லை, வேறு இன்ஜினைப் பற்றியது. 1997 முதல் 2008 வரை வந்த பாக்ஸ்டர் இன்ஜின்களில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினை ஓட்டும் நடுத்தண்டின் முனையில் ஒரு பேரிங் இருந்தது. அது நொறுங்கினால் செயின் நிலை தவறும், பிஸ்டன் போய் வால்வில் மோதும், அத்தோடு இன்ஜின் முடிந்தது. 2009 மாடலில் இன்ஜினையே புதிதாக வடிவமைத்து அந்தத் தண்டை எடுத்துவிட்டார்கள். புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் காட்டினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கார் விற்றால் ஒரு கமிஷன், வாரண்டி விற்றால் இன்னொன்று.

உங்கள் மைத்துனர் கதை வேறு. 2007 மாடலில் அந்த பேரிங் உண்டு. பழைய மாடல்களில் இருந்ததைவிடப் பெரியது, உறுதியானது. ஆனால் அதை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜின் உடலையே இரண்டாகப் பிளக்க வேண்டும். முன்பிருந்த சிறிய பேரிங்கை கியர்பாக்ஸை இறக்கினால் மாற்றிவிடலாம், இதில் அந்த வழியும் இல்லை. வேறொரு காரைக் காட்டி, ஆர்.சி.யில் 2009 என்று இருக்கிறதே என்று யாராவது சமாதானம் சொன்னாலும் நம்ப வேண்டாம். 2008-இல் செய்த கார் 2009-இல் பதிவாகியிருக்கலாம். பதிவுத் தேதியைப் பார்க்காமல் தயாரிப்பு மாதத்தையும் இன்ஜின் எண்ணையும் பாருங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் மினுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்ய விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் மைத்துனர் அந்தக் காரை மறந்துவிடட்டும்.

உங்கள் காருக்கு வருகிறேன். குறைந்த கிலோமீட்டர் என்று மகிழ்ந்திருக்கிறீர்கள், எனக்கு அதுதான் உறுத்துகிறது. இன்ஜின் அதிகம் தேய்வது நான்குவழிச் சாலையில் விரட்டும்போது அல்ல. பல நாள் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஆயில் சூடாகும் முன்பே முறுக்கும்போதுதான். வீட்டிலிருந்து பால் பூத் வரை போய் அணைக்கிற காரில் ஆயிலுக்குள் ஈரமும் பெட்ரோலும் தங்கி, அதன் வழுவழுப்பைக் கெடுத்துவிடும். வாரம் ஒரு முறை அழகர்கோவில் வரை போய்வந்த கார் 60,000 காட்டினால்கூட நான் யோசிக்காமல் வாங்குவேன்.

அந்த 22,000 உண்மைதானா என்பதையும் பார்த்துவிடலாம். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பலர் இன்ஜின் கணினியில் உள்ள மணிக்கணக்கை மறந்துவிடுவார்கள். இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதில் பதிவாகியிருக்கும். 600 மணி என்றால் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர், சரிதான். 2,000 மணி என்று வந்தால் சராசரி 11. கோரிப்பாளையம் சிக்னலிலேயே குடியிருந்த கார்கூட அவ்வளவு மெதுவாகப் போயிருக்காது. இன்ஜினை அளவுக்கு மீறி முறுக்கியது எத்தனை முறை, இன்ஜின் ஓடிய எத்தனையாவது மணியில் என்பதும் அதே கணினி அறிக்கையில் வரும். கூடவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டு ஆறு சிலிண்டர் சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன் போய்வரும் திசையில் கோடு கிழித்தது போலத் தெரிந்தால் பேரம் பேசக்கூட உட்கார வேண்டாம்.

வாரண்டித் தாளில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ‘தேய்மானம் அடங்காது’ என்று இருக்கும். இன்ஜினில் எது கெட்டாலும் அதைத் தேய்மானம் என்று எழுதிவிடலாம். ‘பழுதின் காரணத்தை உறுதிசெய்யப் பிரிக்கும் செலவு உரிமையாளருடையது’ என்று இன்னொரு வரி. சில ஆண்டுகளுக்கு முன் திருமங்கலத்துக்காரர் ஒருவர் இப்படிப்பட்ட வாரண்டியை நம்பி ஒரு ஜெர்மன் காரை என்னிடம் கொண்டுவந்தார். வாரண்டி கம்பெனி சொன்னபடி இன்ஜினைப் பிரித்தோம். மூன்று வாரம் கழித்து வந்த கம்பெனி சர்வேயர் ஒரே ஒரு பேரிங்கைப் படம் பிடித்து, ‘இயல்பான தேய்மானம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். பாகங்கள் எட்டு மாதம் என் ஷெட்டில் பிளாஸ்டிக் டிரேக்களில் செய்தித்தாள் போர்த்திக் கிடந்தன. கார்க்காரர் வழக்குப் போட்டார். நுகர்வோர் புகாரை மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சாட்சி சொல்ல நான் ஆறு முறை போனேன், ஆறு முறையும் வாய்தா. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தில் இரண்டு இன்ஜின் பூட்டியிருப்பேன்.

கார் நின்றுபோனால் இங்கிருந்து அதை யார் எடுத்துப் போவது என்றும் கேளுங்கள். போர்ஷே சென்டர் மதுரையில் இல்லை, சென்னைக்கோ கொச்சிக்கோ போக வேண்டும். சென்னை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். லாரியில் ஏற்றி அனுப்பும் வாடகையைத் தருவதாக உங்கள் புரோக்கரின் தாளில் எழுதியிருக்கிறதா? ஒரு பழுதுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்ற வரியையும் தேடுங்கள். இந்தக் காரின் தானியங்கி கியர்பாக்ஸில் ஒரு சென்சார் கெட்டாலே மொத்தக் கியர்பாக்ஸையும் மாற்றச் சொன்ன காலம் உண்டு. பெரும் செலவு வருமென்றால் அங்கிருந்துதான் வரும், வாரண்டியில் அடங்கும் பாகங்களின் பட்டியலில் கியர்பாக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். போர்ஷே சென்டரே காரைச் சோதித்துப் பார்த்துத் தன் பெயரில் வாரண்டி தர முன்வந்தால் அதை வாங்கலாம். அதற்குக் கேட்கும் பணமும் நியாயமானதுதான்.

அந்த 1.6 லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். கார் வந்த வாரமே அதிலிருந்து எடுத்து ஆயிலை மாற்றுங்கள், டப்பாவில் போர்ஷே ஏ40 என்ற அங்கீகாரம் அச்சிட்டிருக்க வேண்டும். ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். நீண்ட நாள் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு முறை குப்பென்று நீலப்புகை வந்தால் பயப்படாதீர்கள், இன்ஜின் படுத்த நிலையில் இருப்பதால் அப்படித்தான் வரும். ஐந்து நிமிடம் ஆகியும் நிற்காவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.