மோட்டார் சைக்கிள் சின்னம் பதித்த கிற்றாரை வாங்கலாமா?

கேள்வி: நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த உறவினர் ஒருவர், பெயர்பெற்ற மோட்டார் சைக்கிள் நிறுவனம் ஒன்றின் சின்னம் பதித்த அகூஸ்டிக் கிற்றார் ஒன்றை விற்க இருக்கிறார். மொத்தமாக நூறு மட்டுமே செய்யப்பட்டது என்று சான்றிதழ் காட்டுகிறார். மூன்று வருடமாக அலுமாரிக்குள் இருந்ததாம். அவர் கேட்கும் விலைக்கு அது பெறுமதியானதா? வாங்கினால் கடைச் சுவரில் மாட்டிவைத்து, வேலை இல்லாத நேரத்தில் எடுத்து வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். – உப்புவெளி வாசகர்

பதில்:

தம்பி, அந்தக் கிற்றாரைப் பார்க்கப் போகும்போது ஒரு கைலேஞ்சியும் கொண்டு போங்கள். சின்னம் இருக்கும் இடத்தை அதனால் மூடிவிட்டு வாத்தியத்தைப் பாருங்கள், வாசியுங்கள். மூடிய பிறகும் அது உங்களுக்கு வேண்டுமென்று தோன்றினால் மட்டும் விலை பேசத் தொடங்குங்கள். இருபது வருடத்துக்கு மேலாகத் திருகோணமலையில் கிற்றார் திருத்தி வருகிறேன். சின்னத்துக்காகக் காசு கொடுத்து, இரண்டு மாரி கழிந்ததும் வளைந்த பலகையோடு என்னிடம் வந்தவர்கள் பலர்.

இந்த வகைக் கிற்றார்களை மோட்டார் சைக்கிள் நிறுவனம் செய்வதில்லை. கிற்றார் நிறுவனமே செய்கிறது; மோட்டார் சைக்கிள் நிறுவனம் தன் பெயரையும் சின்னத்தையும் பாவிக்க அனுமதி தருகிறது. அந்த அனுமதிக்கான பணம் கடைசியில் வாங்குபவரின் விலையில்தான் சேரும். இதற்குப் பெயர்போன உதாரணம் 1993இல் வந்தது. ஹார்லி டேவிட்சனின் 90ஆவது ஆண்டு நிறைவுக்காக ஃபெண்டர் நிறுவனம் அலுமினிய உடலில் 109 கிற்றார்கள் மட்டும் செய்தது. இன்று அவை சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். ஆனால் அது மின்கிற்றார். மின்கிற்றாரில் கம்பியின் அசைவைக் காந்தம் வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. அதனால் உடலை அலுமினியத்தில் வார்த்தாலும் அது கிற்றாராகவே ஒலிக்கும். அகூஸ்டிக்கில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டரை, மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ள மேற்பலகைதான் அதன் தொண்டை. அதன்மேல் எதைச் சுமத்தினாலும் குரல் மாறும்.

ஆகவே சின்னம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தலைப்பகுதியிலோ, விரற்பலகையில் சிப்பி பதித்தோ, கைக்காப்புத் தகட்டிலோ இருந்தால் ஒலிக்கு ஒரு தீங்கும் இல்லை. மேற்பலகையில் மெல்லிய படமாக ஒட்டி, அதன்மேல் வார்னிஷ் அடித்திருந்தாலும் பரவாயில்லை. தந்திகளைத் தாங்கும் பாலத்துக்குக் கீழே, பலகை அதிகம் அதிரும் அந்த அகன்ற இடத்தில் உலோகத் தகடு பதித்திருந்தாலோ, பெற்றோல் தாங்கிக்கு அடிப்பதுபோலத் தடிப்பாகப் பெயின்ற் பூசியிருந்தாலோ, நான் வாங்க மாட்டேன். அழகாக இருக்கும், வாய் திறக்காது.

யமஹாவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருக்கடலூர் கரையில் வள்ளங்களின் பின்னால் தொங்கும் இயந்திரங்களில் ஒரு வட்டத்துக்குள் மூன்று கோல்கள் குறுக்காக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை இசைக்கவைகள், சுருதி பார்க்கும் கருவி. 1887இல் தொரகுசு யமஹா என்பவர் பழுதான ஓர்கன் ஒன்றைத் திருத்தியதில் தொடங்கிய இசைக்கருவி நிறுவனம் அது. மோட்டார் சைக்கிள் பிரிவு 1955இல்தான் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அங்கே இரவல் பெயர் இல்லை, ஒரே குடும்பப் பெயர். இன்னொன்றையும் கவனியுங்கள்: இயந்திரத்தில் இசைக்கவைகளின் முனைகள் வட்டத்தின் வெளிவிளிம்பைத் தொட்டு நிற்கும், கிற்றாரில் அவை வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும். யமஹா கிற்றார் என்று சொல்லி மோட்டார் சின்னத்தை ஒட்டி விற்றால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

இனி உங்கள் உறவினரின் சான்றிதழ். தாளை யாரும் அச்சடிக்கலாம். ஒலித்துளைக்குள் சிறிய டோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ள கட்டையிலோ உள்ளே ஒட்டிய தாளிலோ தொடர் எண் இருக்கும். சான்றிதழில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணையும் படத்தையும் தயாரித்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிக் கேளுங்கள். இது நூறில் ஒன்றா என்பதை உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். சின்னத்தின் ஓரத்தில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வார்னிஷுக்கு அடியில் இருந்தால் நகம் வழுக்கிப் போகும். பிறகு ஒட்டிய ஸ்டிக்கர் என்றால் தட்டும்.

அதே வெளிச்சத்தில் ஒலித்துளையின் வெட்டிய விளிம்பையும் பாருங்கள். மேலே தெரியும் மரக் கோடுகள் அந்த விளிம்பு வழியாகக் கீழ்வரை அப்படியே இறங்கினால் அது முழுமரம். சாண்ட்விச் போல அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை பாவம் அல்ல, கடற்கரையில் அது அதிகம் தாங்கவும் செய்யும். ஆனால் நூறில் ஒன்று என்று சொல்லிப் பெருவிலை கேட்பவர் ஒட்டுப்பலகையை நீட்டினால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அலுமாரிக்குள் மூன்று வருடம் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. சாதாரண மெல்லிய கம்பித் தொகுதி ஒன்றைச் சுருதி கூட்டினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். கம்பிகளைத் தளர்த்தாமல் வைத்திருந்தால், மூன்று வருடம் இரவு பகலாக அந்த இழுவை பாலத்தின் மீது இருந்திருக்கிறது. போன மார்கழியில் ஒருவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தேன். ஈரத் துணி மணம் முதலில் வந்தது. கம்பிகள் பச்சை பூத்திருந்தன, மேற்பலகைக்கு அடியில் ஒட்டிய உட்சட்டங்களில் வெள்ளைப் பூஞ்சணம். பாலத்தின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகினேன். அரை அங்குலம் தடையில்லாமல் உள்ளே போனது. பசை விட்டுவிட்டது. வெளியே பார்த்தால் சின்னமும் மினுக்கமும் புதிதாகவே இருந்தன.

நீங்களும் ஒரு பஸ் டிக்கெட் கொண்டு போங்கள். நேரான ஓர் இரும்பு அடிமட்டத்தை ஃபிரெட்டுகளின் (விரற்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளின்) மேல் கழுத்து நீளத்துக்கு வையுங்கள்; அதன் முனை பாலத்தின் மேல்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் கடந்தால் கழுத்து சரியான சாய்வில் இருக்கிறது. பாலத்தின் முகத்தில் போய் முட்டினால் கழுத்தைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டிவரும். அது பெரிய வேலை. அந்தச் செலவை விலையிலிருந்து கழியுங்கள். 12ஆவது ஃபிரெட்டுக்கு மேல் தடித்த கம்பி ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் உயரத்தில் நிற்பது விரலுக்கு இதம். கடைசியாகப் பாலத்தின் அருகே கட்டைவிரல் முட்டியால், தேங்காய் வாங்கும்போது தட்டுவதுபோலத் தட்டிப் பாருங்கள். உட்சட்டம் ஒன்று விட்டிருந்தால் கறகறவென்று ஒரு சத்தம் கேட்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும், நம்முடைய ஊரில் கிற்றாருக்கு வருடத்தில் இரண்டு பகைவர் உண்டு. ஐப்பசியில் தொடங்கித் தை வரை மாரியும் வாடைக் காற்றும். அப்போது காற்றின் ஈரப்பதன் எண்பது சதவீதத்தையும் தாண்டுகிறது; கிற்றார் செய்பவர்கள் கேட்பது 45 முதல் 55 சதவீதம். மேற்பலகை ஈரத்தைக் குடித்து அகலப் பக்கமாக விரியப் பார்க்கும், அடியில் குறுக்கே ஒட்டிய சட்டங்கள் விரியவிடாது; அதனால் பலகை வயிறு தள்ளும், கம்பி உயரும், பாலம் நிமிரும். பிறகு வைகாசியில் கச்சான் எழும்பும். மேற்கே தரையைச் சுட்டுக்கொண்டு வரும் அந்தக் காற்று, மாரியில் குடித்ததை எல்லாம் உறிஞ்சிவிடும். பலகை உள்வாங்கும், கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும். விரற்பலகை சுருங்கி ஃபிரெட் முனைகள் வெளியே துருத்தும். கழுத்தோரமாக உள்ளங்கையை ஓட்டினால் அரம்போலக் கீறும். சில பலகைகள் நடுவே வெடித்தும் விடும். பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளில் பழைய கிற்றார்கள் இன்னும் ஒலிப்பதற்குக் காரணம், அவற்றை அடுத்தடுத்து யாராவது கையில் எடுப்பதுதான் என்று நான் நம்புகிறேன். எடுப்பவர் மாற்றத்தை உடனே உணர்வார். அலுமாரியில் இருப்பதை யார் உணர்வது?

வாங்கினால் இப்படி வையுங்கள். கடினப் பெட்டிக்குள், உட்சுவர் ஓரமாக, நிலத்திலிருந்து உயர்த்தி. பெட்டிக்குள் சிறிய ஈரமானி ஒன்று. மாரியில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, வாரத்துக்கு ஒருமுறை சூடாக்கி உலர்த்தி மாற்றுங்கள். கச்சானில் அவற்றை எடுத்துவிட்டு, துளையிட்ட சவர்க்காரப் பெட்டியில் நன்றாகப் பிழிந்த ஈரப் பஞ்சை வைத்தால் போதும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கத்தோடு சேர்த்துத் துடையுங்கள். உப்புக் காற்றில் சாதாரண வெண்கலக் கம்பி விரைவில் கறுத்துப்போகும். மேற்பூச்சுள்ள கம்பிக்குக் காசு கூட, ஆனால் உப்புவெளியில் அந்தக் காசு வீண்போகாது.

கடைச் சுவரில் மாட்டும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே கச்சான் நாள் மதியத்தில் என்ன வெக்கை என்பதை என்னைவிட உங்களுக்குத் தெரியும். மரப்பசை சூட்டில் இளகும். உயர்விலைக் கிற்றார்கள் பலவற்றில் நைட்ரோசெலுலோஸ் அரக்குப் பூச்சுத்தான். தின்னர் தெறித்தால் அது கரைந்துவிடும், மாட்டும் கொளுவியின் றப்பர் தொடும் இடத்தில்கூடத் தழும்பு விழும். சின்னம் கடையில் இருக்க வேண்டுமென்றால் கிற்றாரைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

விலைக்கு வருவோம். உள்ளே ஒட்டிய தாளில் உள்ள மாதிரி எண்ணைக் கொண்டு, அதே நிறுவனம் அதே மரத்தில் சின்னமில்லாமல் செய்த கிற்றாரின் பழைய விலையைத் தேடிப் பிடியுங்கள். அதுதான் உங்கள் அடித்தளம். எண் பொருந்தி, அசல் பெட்டியும் சான்றிதழும் இருந்து, பலகையும் கழுத்தும் பழுதில்லாமல் இருந்தால் அதற்கு மேல் கால் பங்கு வரை நான் கொடுப்பேன். அதற்குமேல் கேட்டால், சின்னத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதை உறவினருக்கு மரியாதையாக நினைவூட்டுங்கள். அங்கே அனுப்பி விற்கும் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான் விழும். பின்பலகை பிரேசில் ரோஸ்வுட் மரம் என்று அவர் பெருமையாகச் சொன்னால் இன்னும் கவனம்: அந்த மரம் 1992 முதல் சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலில் இருக்கிறது, உரிய பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டாது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 கார்த்திகையில் விலக்குக் கிடைத்துவிட்டது.

பார்க்கப் போவதானால் காலை வெளிச்சத்தில் போங்கள். கைலேஞ்சி, டோர்ச், இரும்பு அடிமட்டம், பஸ் டிக்கெட். சந்தேகம் இருந்தால் ஒலித்துளையின் விளிம்பையும் பாலத்தின் பின்புறத்தையும் கிட்ட வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சின்னத்தின் படம் தேவையில்லை.