104 டிகிரியில் வராத மழை 99-ல் ஏன் வந்தது?

தொட்டியம் பக்கத்திலிருந்து வாழை விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: "சித்திரையில் வெயில் 104 டிகிரி அடித்தபோதெல்லாம் ஒரு சொட்டு மழை இல்லை. 99-க்கு இறங்கிய ஒரு நாள் சாயங்காலம் சூறைக்காற்று வந்து, வெட்டுக்குப் பத்து நாளே இருந்த மரங்களைத் தாரோடு சாய்த்துவிட்டது. இப்படிப்பட்ட நாளைக் காலையிலேயே கண்டுபிடிக்க முடியுமா?"

அப்படிப்பட்ட நாள் எது என்பதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். எந்தத் தோட்டத்தில் இறங்கும் என்பதைக் காலையில் யாராலும் சொல்ல முடியாது.

வெயில் என்பது அடுப்பு. அடுப்பு எரிந்தால் போதுமா, பானையில் தண்ணீர் வேண்டாமா? 104 டிகிரி அடிக்கும் நாட்களில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் வறண்ட மேல்காற்றுதான் வீசும். கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்றாகத் திரும்பினால் வங்கக்கடலின் ஈரம் உள்ளே வரும். வெயிலும் நாலைந்து டிகிரி இறங்கும். அதாவது, வெயில் குறைந்ததும் மழை வந்ததும் ஒரே காரணத்தால்தான். அந்த ஈரக்காற்று மேலே போய்க் குளிர்ந்து துளியாகும்போது, தனக்குள் இருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் உயரே தள்ளும். மேலே இருக்கும் காற்று போதுமான குளிர்ச்சியாக இருந்தால், மேகம் 15 கிலோமீட்டர் உயரம்கூடப் போகும். நடுவில் ஒரு சூடான அடுக்கு மூடி போலக் கிடந்தால் எழுந்த மேகம் அங்கேயே தட்டையாகிவிடும். ஈரம் இருந்தும் மழை ஏமாற்றும் நாட்கள் இவை.

அப்புறம், முதலில் தூக்கிவிட ஒரு கை வேண்டும். உங்கள் ஊருக்கு வடக்கே கொல்லிமலை இருக்கிறது. மலைச்சரிவு வெயிலில் சூடாகி, காற்றைத் தன் மேல் ஏற்றும். மேல்காற்றும் கீழ்க்காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்திலும் காற்றுக்குப் போக்கிடம் மேலேதான். உயரத்தில் வீசும் காற்றின் வேகமும் திசையும் கீழே வீசுவதிலிருந்து நன்றாக மாறுபட்டால் மேகம் சாய்ந்து நிற்கும்; தன் மழையே தன் மேலேறும் காற்றை அமுக்காது. சாதாரண இடிமேகம் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். இப்படிச் சாய்ந்த மேகம் நீடித்து நின்று ஆடும்.

உங்கள் மரங்களைச் சாய்த்தது மேலே ஏறிய காற்று இல்லை, கீழே விழுந்த காற்று. மேகத்துக்குக் கீழே காற்று வறண்டிருந்தால், விழும் மழை பாதி வழியிலேயே ஆவியாகும். ஆவியாவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுப்பதால் அந்தக் காற்று குளிர்ந்து, கனத்து, தரையில் வந்து மோதி நாலாபக்கமும் சிதறும். மழைக்கு முன்னால் சட்டென்று சில்லென்று மண்வாசனையோடு அடிக்கிறதே, அதுதான் இது. பேய்க்காற்று அடித்துவிட்டு மழை தூறலோடு நின்றுபோவதும் இதனால்தான். தார் போட்ட மரம் தலைகனத்து நிற்பதால் முதல் தள்ளிலேயே விழுந்துவிடுகிறது.

சரி, காலையில் எதைப் பார்ப்பது? கைபேசியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் 'டியூ பாயிண்ட்' என்று ஒன்று இருக்கும். ஈரத்தின் உண்மையான அளவு அதுதான். அது 24 செல்சியஸுக்கு மேலே இருந்து, மதியமும் இறங்காமல் நின்றால் நான் உஷாராகிவிடுவேன். மதியம் கொல்லிமலைப் பக்கம் பாருங்கள். மேகம் அகலத்தைவிட உயரமாக, காலிஃபிளவர் போல விளிம்பு தெளிவாக வளர்ந்தால் மூடி உடைந்துவிட்டது என்று அர்த்தம். உச்சி தட்டையாகப் பரவி அடைகல் போல ஆகிவிட்டால் அது முழு இடிமேகம்.

சென்னை வானிலை மையம் அடுத்த 3 மணி நேரத்துக்கு மாவட்ட வாரியாக எச்சரிக்கை தருகிறது. மின்னல் எவ்வளவு அருகில் விழுகிறது என்பதை 'தாமினி' செயலியில் பார்க்கலாம். ஆனால் முட்டுக் கொடுக்கும் வேலையை இந்த எச்சரிக்கைக்காகக் காத்திருந்து செய்யாதீர்கள். தார் தள்ளியவுடனே சவுக்குக் கம்போ மூங்கிலோ கட்டிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால் அது 10 கிலோமீட்டர் தூரம்தான். அந்த நேரத்தில் கம்பைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடவே கூடாது.